முதல் பிறந்தநாள்: விழாவுக்குப் போவதா, அடுத்த வாரம் போவதா?

பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு வயது நிறையப் போகிறது. நீங்கள் இருப்பது வேறு ஊர். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் லீவு கிடைக்காது, அல்லது உடம்பு தாங்காது, அல்லது வீட்டில் இன்னொருவரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. அப்படிக் கையில் இருக்கும் ஒரே வார இறுதியை எப்போது வைத்துக்கொள்வது என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் விழா என்றைக்கு என்று தெரிந்ததுமே நம்மில் பலர் டிக்கெட் போட்டுவிடுகிறோம்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழாவில் நீங்கள் இல்லாவிட்டால் மகளோ மகனோ மனசு நொந்துபோவார்கள் என்றால் விழாவுக்கே போங்கள். ஆனால் பயணத்தை விழாவுக்கு மறுநாள் காலையை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். அப்படி ஒரு எதிர்பார்ப்பு இல்லை என்றால், அடுத்த வார இறுதி எவ்வளவோ மேல்.

ஒரு வயதுக் குழந்தையின் கணக்கு

நாலைந்து மாதக் குழந்தையை யார் கையில் கொடுத்தாலும் பெரும்பாலும் போய்விடும். அதே குழந்தை ஒரு வயதில் உங்களைப் பார்த்ததும் வீறிட்டு அழலாம். புது முகங்களைக் கண்டு மிரள்வது ஆறேழு மாதத்தில் தொடங்கி ஒரு வயதை ஒட்டி வலுக்கும். அம்மாவோ அப்பாவோ கண்ணில் படாவிட்டால் அழுவதும் 10 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில்தான் அதிகம். இதில் குறை எதுவும் இல்லை. தன் ஆட்கள் யார், வெளி ஆட்கள் யார் என்று பிரித்துப் பார்க்கக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாட்டி தாத்தாவிடம் ஒட்டுவதற்கு ஆகக் கடினமான பருவத்தின் நடுவில் போய் இந்த முதல் பிறந்தநாள் உட்கார்ந்திருக்கிறது.

1985இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு இந்த விஷயத்தில் நல்ல தெளிவைக் கொடுத்தது. 12 மாதக் குழந்தைகளை ஒரு கண்ணாடித் தளத்தின் மேல் தவழ விட்டார்கள். பாதி வழியில், கண்ணாடிக்குக் கீழே தரை சற்றே இறங்கியிருப்பது போலத் தெரியும். தாண்டலாமா கூடாதா என்று குழந்தைக்குச் சந்தேகம் வரும் அளவுக்குத்தான் அந்த இறக்கம். அங்கே வந்து தயங்கிய குழந்தைகள் எதிர்ப்பக்கம் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தன. அம்மா சிரித்த முகமாக இருந்தபோது பெரும்பாலான குழந்தைகள் தாண்டிப் போய்விட்டன. அம்மா பயந்த முகத்தைக் காட்டியபோது ஒன்றுகூடத் தாண்டவில்லை.

புதிதாக வந்து நிற்கும் பாட்டியையும் தாத்தாவையும் குழந்தை இப்படித்தான் எடை போடுகிறது. உங்களைப் பார்க்கும், உடனே அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா நிம்மதியாக, உங்களோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தால் அந்த நிம்மதி குழந்தைக்கும் தொற்றும். வருகிற விருந்தாளிகள், வராத சாமான், வேலை செய்யாத மைக் என்று அம்மா அப்பா இருவர் முகமும் கடுகடுவென்று இருந்தால், குழந்தை யாரை நம்பி உங்கள் பக்கம் வரும்? எந்த வார இறுதி என்று ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நாம் போய் நிற்கும் நேரத்தில் பெற்றோர் எவ்வளவு நிதானமாக இருப்பார்கள்?

அடுத்தது நேரம். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. ஒரு வயதில் பல குழந்தைகள் பகலில் இன்னும் இரண்டு தடவை தூங்குகின்றன. ஆக, விழித்திருப்பது 10 முதல் 13 மணி நேரம். அதில் சாப்பாடு, குளியல், துணி மாற்றல் எல்லாம் போக, சும்மா உட்கார்ந்து விளையாடக் கிடைக்கும் நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் பயணத்தில் அது ரொம்பக் கொஞ்சம். அதில் ஒரு பாதியை விழாக் கூட்டத்துக்குக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

விழா நாளில் போவது

இதன் பக்கம் இருக்கும் நியாயம் பெரியது. முதல் பிறந்தநாள் என்பது குழந்தைக்கு ஒரு வயது ஆன நாள் மட்டும் கிடையாது. உங்கள் மகளும் மருமகனும், அல்லது மகனும் மருமகளும், தூக்கமில்லாமல் ஒரு வருஷத்தைத் தாண்டி வந்த நாளும்கூட. அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டால் அதைவிட முக்கியமான காரணம் எதுவும் தேவையில்லை. குழந்தைக்கு இந்த நாள் நினைவிருக்காது. பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு மிகப் பழைய ஞாபகமே மூன்று வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். புகைப்படத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது ரொம்ப நாளைக்கு நினைவிருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பதும் சின்ன விஷயம் இல்லை. விழாவில் பெற்றோர் விருந்தினரை உபசரிக்க வேண்டியவர்கள். நீங்களும் பாதி விருந்தினர், பாதி வீட்டுக்காரர். வந்தவர்களை வரவேற்பது, உட்கார வைப்பது, உறவுக்காரர்களிடம் நலம் விசாரிப்பது என்று மூன்று மணி நேரம் ஓடிவிடும். குழந்தை கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருக்கும். பகல் தூக்கம் கெட்டு, சத்தம் தாங்காமல், ஒரு கட்டத்தில் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு யாரையும் ஏறிட்டுப் பார்க்காது. அப்போது நீங்கள் கை நீட்டினால் அழும். அந்த அழுகை உங்களுக்கானது இல்லை என்று தெரிந்தாலும், அத்தனை பேர் முன்னால், அத்தனை தூரம் பயணம் செய்து வந்த பிறகு, மனசு வலிக்கத்தான் செய்யும்.

எனவே விழாவுக்குப் போவதென்றால், டிக்கெட் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: விழா சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், பயணமே இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஞாயிறு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெள்ளி இரவு போய் இறங்கினால் சனிக்கிழமை முழுக்கக் குழந்தையோடு இருக்கலாம். மறுநாள் கூட்டத்தில் நீங்கள் குழந்தைக்குத் தெரிந்த முகமாக நிற்பீர்கள். அம்மாவுக்கு ஐந்து நிமிஷம் கை ஓய்வு வேண்டும்போது உங்களிடம் வரும். நேராக விழாவிலிருந்தே ஊருக்குக் கிளம்பினாலும் குறை இல்லை.

சனி என்றால், எக்காரணம் கொண்டும் சனிக்கிழமை காலையில் வந்து இறங்கி நேராக மண்டபத்துக்குப் போகும்படி பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளி இரவே வந்துவிடுங்கள். திரும்புவதை ஞாயிறு மாலைக்கு, முடிந்தால் திங்கள் காலைக்குத் தள்ளுங்கள். விழா முடிந்த மறுநாள் காலை வீட்டில் ஒரு அமைதி இருக்கும். பரிசுப் பெட்டிகள் பிரித்தும் பிரிக்காமலும் கிடக்கும். குழந்தை உள்ளே இருந்த பொம்மையை விட்டுவிட்டு அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பெற்றோர் முகத்தில் பரபரப்பு இறங்கியிருக்கும். நீங்கள் குழந்தையோடு பழகக் கிடைக்கும் நேரம் இதுதான். இதை வழிப்பயணத்தில் தொலைத்துவிட்டால், வெறும் விழாவை மட்டும் பார்த்துவிட்டு வந்ததாக ஆகிவிடும்.

என் பேத்தி என்னிடம் ஒட்டியது இப்படி ஒரு காலையில்தான். நான் தரையில், அவளுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மூடும்போது டப் என்று ஒரு சத்தம். முதலில் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தவழ்ந்து வந்து கூட்டின் மேல் கையை வைத்தாள். நான் அப்போதும் தூக்கவில்லை. கூட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதை என் முழங்காலில் வைத்துத் தட்டினாள், மூடச் சொல்லி. தூக்கிக் கொஞ்சுவதை நாம் தள்ளிப்போட்டால் குழந்தை தானாகவே நெருங்கும். ஆனால் அதற்கு அவசரமில்லாத நேரம் வேண்டும். விழா மண்டபத்தில் அந்த நேரம் கிடைக்காது.

அடுத்த வார இறுதியில் போவது

விழாவுக்கு உங்களை ரொம்பவும் எதிர்பார்க்கவில்லை, அல்லது விழாவே சின்னதாக நண்பர்களோடு வைக்கிறார்கள் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். வீடு பழைய ஒழுங்குக்குத் திரும்பியிருக்கும். குழந்தை வழக்கமான நேரத்தில் தூங்கி எழும். பெற்றோர் களைத்துப் போயிருப்பார்கள் என்பதால் உங்கள் கை அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும். விழா நாளில் பத்துப் பேர் உதவிக்கு இருப்பார்கள். அடுத்த வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் மதியம், குழந்தை உங்களிடம் பழகிய பிறகு, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே போயிட்டு வாங்க" என்று சொல்ல முடிந்தால், அதைவிட நல்ல பரிசை அந்தத் தம்பதிக்கு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பல நாடுகளில் 12 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி உண்டு. அதனால் காய்ச்சல் வருவதாக இருந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட அன்றே வராது. 7 முதல் 12 நாள் கழித்து வரும். பிறந்தநாளை ஒட்டி ஊசி போட்டிருந்தால், அந்தக் காய்ச்சல் சரியாக நீங்கள் வரும் வார இறுதியில் வந்து நிற்கலாம். பயப்பட ஒன்றும் இல்லை என்றாலும், சிணுங்கிக்கொண்டே இருக்கும் குழந்தை புது ஆளிடம் வராது. ஊசி என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் இன்னொரு வாரம் தள்ளிப் போங்கள். விழாக் கூட்டத்தில் பிடித்த சளியும் அந்த வாரத்தில்தான் தலைகாட்டும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உள்ள குறை ஒன்றே ஒன்று, ஆனால் ஆழமானது. விழாவில் நீங்கள் இல்லை. "பாட்டி தாத்தா வரலையா?" என்று நாலு பேர் கேட்பார்கள், அதற்கு உங்கள் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே இந்த முடிவை நீங்களாக எடுத்து அறிவிக்காதீர்கள். "விழாவில் நாங்கள் இருப்பது உனக்கு முக்கியமா, இல்லை அடுத்த வாரம் நிம்மதியாக வந்து இரண்டு நாள் கூட இருப்பது முக்கியமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் வருவதற்கு முன் கொஞ்சம் தயக்கம் தெரிந்தால், விழாவுக்கே போங்கள்.

சம்பந்தி வீட்டாரும் வெளியூர் என்றால் இந்தக் கணக்கு இன்னும் சுலபமாகிறது. ஒரு தரப்பு விழாவுக்கு, இன்னொரு தரப்பு அடுத்த வாரத்துக்கு என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் நான்கு பேரும் ஒரே குழந்தைக்காகக் கை நீட்டிக்கொண்டு நிற்பதைவிட இது எல்லோருக்கும் நல்லது. அடுத்த பிறந்தநாளுக்கு முறையை மாற்றிக்கொண்டால் மனத்தாங்கலும் வராது.

மற்ற வழிகள்

விழாவுக்கு முந்தைய வாரம் போவது, வேலை செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். பெற்றோரின் பரபரப்பு உச்சத்தில் இருக்கும் வாரம் அது. சாமான் வாங்கவும் வீட்டை ஒழுங்கு செய்யவும் ஆள் தேவை என்று அவர்களே கேட்டால் போகலாம். பேரக்குழந்தையோடு நேரம் செலவழிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் போக வேண்டாம்.

குழந்தையை நம் வீட்டுக்கு வரச் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பயணம் செய்ய முடியாத அளவுக்கு உங்களுக்கு உடல்நிலை மோசம் என்றால் ஒழிய, இரண்டு நாளுக்காக ஒரு வயதுக் குழந்தையை இழுத்துக்கொண்டு வருவது பெற்றோருக்குத் தண்டனை. குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்குவது சுமார் 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு வயதில் எதைப் பிடித்தாவது எழுந்து நிற்கும். நம் வீட்டில் அது பிடித்து இழுக்கக்கூடிய மேசை விரிப்பு, மின்கம்பி, மாத்திரை டப்பா எல்லாம் இருக்கும் உயரத்தை நாம் கவனித்தே இருக்க மாட்டோம். இடமும் புதிது, படுக்கையும் புதிது, முகங்களும் புதிது என்றால் அந்த இரண்டு ராத்திரியும் யாரும் தூங்க மாட்டார்கள்.

வீடியோ அழைப்பு மட்டும் போதுமா? போகவே முடியாது என்றால் அதுதான் வழி. முக்கியமாக, கிளம்பும் நாளில் உங்களுக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பயணத்தை ரத்து செய்துவிட்டு வீடியோவில் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பார்க்கும் நேரமே வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016 பரிந்துரையில் 18 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னது. ஆனால் சொந்தக்காரர்களோடு பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. பயணத்துக்கு மாற்றாக இல்லாமல், முன்தயாரிப்பாக வைத்துக்கொண்டால் வீடியோ இன்னும் நன்றாகப் பயன்படும். போவதற்குச் சில வாரம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம், ஒரே மாதிரி கூப்பிட்டு, கையால் முகத்தை மூடித் திறக்கும் அதே விளையாட்டை விளையாடுங்கள். நேரில் போனதும் முதலில் அதையே செய்யுங்கள். குரலாவது பழகியிருக்கும்.

எங்கே தங்குவது?

எந்த வாரம் என்பதற்கு அடுத்தபடியாக முக்கியமான முடிவு இது. தங்குவதற்குத் தனி அறை இருந்தால் பிள்ளைகள் வீட்டிலேயே தங்குங்கள் என்பேன். காரணம், விடிகாலை. குழந்தை விடிவதற்கு முன்பே எழுந்துவிடும். நமக்கும் அந்த நேரத்தில் தூக்கம் கலைந்துவிடும். அந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் தூங்க ஏங்குகிறவர்கள் பெற்றோர் மட்டுமே. இரண்டாம் நாள் விடிகாலையில் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டால் மூன்று தரப்புக்கும் லாபம்.

தனி அறை இல்லை, குழந்தை தூங்கும் அறைக்குப் பக்கத்தில்தான் படுக்க வேண்டும், நடுராத்திரி நீங்கள் இரண்டு தடவை எழுந்து விளக்குப் போட வேண்டியிருக்கும் என்றால், பக்கத்தில் ஓர் அறை எடுப்பது மரியாதை. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

வீட்டிலேயே தங்குகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: உங்கள் பை. வாரத்துக்கு ஏழு கட்டம் வைத்த மாத்திரை டப்பாக்களில் பெரும்பாலானவை குழந்தை திறக்க முடியாதபடி செய்யப்பட்டவை அல்ல. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நாம் சாப்பிடும் மாத்திரைகளில் சில, ஒன்றிரண்டே போனாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கைப்பை தரையில் இருக்கக் கூடாது, கட்டிலில் இருக்கக் கூடாது. உயரமான அலமாரியில், கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதன் பொத்தான் பேட்டரியை இன்னும் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கித் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உட்புறம் வெந்துவிடக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விழா அலங்காரத்தில் ரப்பர் பலூன் இருந்தால், உடைந்த துண்டுகளைப் பொறுக்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கஷ்டம்.

கிளம்பும் முன் உங்களுக்கான ஒரு வேலையும் இருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதாக இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். பாதுகாப்பு உருவாக அவ்வளவு நாள் ஆகும். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகும் பயணம் என்றால் நடுநடுவே எழுந்து நடங்கள். கால் மரத்துப்போய் வந்து இறங்கினால் தரையில் உட்கார முடியாது, ஒரு வயதுக் குழந்தையின் உலகமோ தரையில்தான் இருக்கிறது.

திரும்பும் நேரத்தையும் குழந்தையின் தூக்கத்தைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். தூங்கும்போது சத்தமில்லாமல் கிளம்பிவிட்டால் குழந்தை அழாது என்று நமக்குத் தோன்றும். ஆனால் அம்மா கண்ணில் படாவிட்டாலே கலங்கும் வயதில், பழகிய முகம் சொல்லாமல் மறைந்தால் அடுத்த தடவை அது உங்களை நம்பத் தயங்கும். மதியத் தூக்கம் முடிந்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரத்துக்குப் பிறகு கிளம்பும்படி டிக்கெட் எடுங்கள். கையை ஆட்டி, வழக்கமாகச் சொல்லும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வாருங்கள். அழுதால் அழட்டும், அம்மா கையில்தானே இருக்கிறது. ஊர் வந்து சேர்ந்ததும் வழக்கமான நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுங்கள்.